கிராம் கணக்கும் பழைய கணக்கும்: போதைப் பழக்கம் உள்ளவரைப் போலீஸ் பிடித்தால் சட்டம் என்ன சொல்கிறது?

“1.1 கிலோ கஞ்சாவுடன் வாலிபர் கைது” என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி அடிக்கடி வருகிறது. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அந்த நாலு வரியில் முக்கியமானதே அந்த 1.1தான். அதுவே 950 கிராமாக இருந்தால் அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. 1.1 கிலோ என்பதால் பத்தாண்டு வரை போகலாம். சிகிச்சைக்குப் போய் வழக்கிலிருந்து விடுபடும் வழியும் இந்த 150 கிராமில் அடைபட்டுவிடுகிறது.

போதைப் பழக்கம் உள்ள ஒருவர் போலீஸ் முன்னால் நிற்கும்போது, சட்டம் அவரைக் குற்றம் சாட்டப்பட்டவராகவும் பார்க்கிறது, நோயாளியாகவும் பார்க்கிறது. பழக்கத்தை விட்டு வெளியே வந்தவர் நிற்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. இரண்டில் எந்தக் கண்ணால் பார்க்கப்படுகிறார் என்பது பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, முதல் 24 மணி நேரத்தில், ஸ்டேஷன் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

எது குற்றம், எது குற்றமில்லை

இந்தியா முழுக்க இதற்கு அடிப்படை, 1985இல் வந்த போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். வக்கீல்களும் போலீசாரும் என்.டி.பி.எஸ். என்பார்கள். கஞ்சா, ஹெராயின், கொக்கெயின், மெத்தம்பெட்டமைன் எல்லாம் இதற்குள் வரும். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018இல் சேர்க்கப்பட்டது. மது இதற்குள் வராது, அதற்கு மதுவிலக்குச் சட்டம் தனி.

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் மற்றது எளிது.

1. வைத்திருப்பது குற்றம். எவ்வளவு வைத்திருந்தார் என்பதைப் பொறுத்துத் தண்டனை.

2. உட்கொள்வதும் குற்றம், பிரிவு 27. ஹெராயின், கொக்கெயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம் அல்லது 10,000 ரூபாய் அல்லது இரண்டும்.

3. அடிமையாக இருப்பது குற்றமில்லை. ஒரு காலத்தில் இருந்திருந்தால் அதுவும் குற்றமில்லை. சட்டத்தில் ‘அடிமை’ என்பது போதைப்பொருளைச் சார்ந்து வாழும் நிலையில் இருப்பவரைக் குறிக்கும் சொல். அந்தச் சொல் சட்டத்தில் வருவது அவருக்குச் சிகிச்சைக்கான வழியைத் திறப்பதற்காக.

மூன்றாவதுதான் நடைமுறையில் மறந்துபோகிறது. “இவன் பழைய கேஸ் சார்” என்ற ஒரு வாக்கியம் ஸ்டேஷனில் செய்யும் வேலையைச் சட்டப் புத்தகம் எங்கேயும் அனுமதிக்கவில்லை.

தராசு முடிவு செய்யும் வழக்கு

2001இல் சட்டத்தைத் திருத்தி, அளவைப் பொறுத்துத் தண்டனை என்று மாற்றினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் ‘சிறு அளவு’, ‘வணிக அளவு’ என்று இரண்டு கோடுகள் உண்டு.

கஞ்சாவுக்குச் சிறு அளவு 1 கிலோ வரை, வணிக அளவு 20 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கொக்கெயினுக்கு 2 கிராம், 100 கிராம். சிறு அளவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது. அதோடு பிரிவு 37 குறுக்கே நிற்கும்: இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே போனால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன்.

சரி, 5 கிராம் ஹெராயின் என்றால் சுத்தமான ஹெராயினா, பொட்டலத்தில் உள்ள மொத்தப் பொடியா? தெருவில் கைமாறும் பொட்டலத்தில் பாதிக்கு மேல் வேறு ஏதாவது பொடி கலந்திருக்கலாம். 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கலப்படம் செய்த வியாபாரி தப்பிவிடக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் மட்டமான சரக்கை ஏமாந்து வாங்கியவர் அந்தக் கலப்படத்துக்கும் சேர்த்துத் தண்டனை அனுபவிக்கிறார் என்பதும் உண்மை.

கஞ்சாவிலும் இப்படி ஒரு நுணுக்கம். சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூ அல்லது காய் உள்ள நுனிப்பகுதி. அந்த நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. எடை கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, பொட்டலத்தில் என்ன இருந்தது, யார் எடை போட்டார், பையோடு போட்டாரா என்ற கேள்விகள் வழக்கையே மாற்றும்.

நடுரோட்டில் சோதனை

இரவு 11 மணி, வாகனச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். சட்டைப் பையில் கைவிட்டுச் சோதிக்க வேண்டுமென்றால், அதற்கு முன் அதிகாரி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்: “ஒரு மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு.” இது பிரிவு 50. 1999இல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் இதைக் கட்டாயம் என்று உறுதி செய்தன. இந்த உரிமையைச் சொல்லாமல் உடம்பைச் சோதித்து எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது.

வழக்குக் கட்டுகளைப் புரட்டினால் “அந்த உரிமை எனக்கு வேண்டாம், நீங்களே சோதிக்கலாம்” என்று கையெழுத்துப் போட்ட தாள் அலுக்காமல் வரும். நள்ளிரவில், போதையிலோ நடுக்கத்திலோ இருக்கும் ஒருவர் இதைப் புரிந்துதான் கையெழுத்துப் போட்டாரா என்பது, குறுக்கு விசாரணையில் நல்ல வக்கீல் முதலில் தொடும் இடம்.

இதில் ஒரு விதிவிலக்கு. பிரிவு 50 உடம்புச் சோதனைக்கு மட்டும். தோளில் தொங்கும் பை, வண்டியின் சீட்டுக்கடி ஆகியவற்றுக்குப் பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

பொது இடத்தில் ஒருவரை நிறுத்திச் சோதிக்க, அவரிடம் போதைப்பொருள் இருக்கிறது என்று ‘நம்பக் காரணம்’ இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 43. பழைய வழக்கு இருப்பது மட்டும் அந்தக் காரணம் ஆகாது என்பது என் வாசிப்பு. இல்லாவிட்டால் ஒருமுறை பிடிபட்டவர் ஆயுளுக்கும் சோதனைக்கு உரியவர் என்றாகிவிடும். எரிச்சலூட்டுவதற்காகவே காரணமின்றிச் சோதிக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று பிரிவு 58 சொல்கிறது. அதில் அபராதத் தொகை 1,000 ரூபாய் வரை, அவ்வளவுதான்.

லாக்கப்பில் உடம்பு

செய்திகளில் அதிகம் வராத, உயிருக்கே ஆபத்தான பகுதி இது.

ஹெராயின் பழக்கம் உள்ளவருக்குக் கடைசியாக எடுத்த 6 முதல் 12 மணி நேரத்தில் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். முதலில் கொட்டாவி, மூக்கில் நீர், கண்ணில் நீர். அப்புறம் மயிர்க்கூச்செறிதல், வயிற்றைப் பிசைதல், வாந்தி, பேதி. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் அடங்கும். இதனால் நேரடியாக உயிர் போவது அரிது. ஆனால் வாந்தியும் பேதியுமாகத் தண்ணீர்ச் சத்து வற்றி, கவனிக்க ஆள் இல்லாவிட்டால் போகவும் போகலாம். காவலுக்கு இருப்பவர் கண்ணுக்கு இது ‘நடிப்பு’. சுருண்டு படுத்திருப்பவரைத் தட்டி எழுப்பி உட்கார வைப்பார்.

மதுவின் கதை வேறு. இது சட்டவிரோதப் பொருள் இல்லை என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். முதல் நாளில் கைநடுக்கம், வியர்வை. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தபிரமை: சுவரில் பூச்சி ஊர்வதாகப் பார்ப்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் ஏறும். மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டிய நிலை அது. தூக்க மாத்திரையை நெடுநாள் எடுத்தவருக்கும் இதே வலிப்பு ஆபத்து உண்டு.

இன்னொன்று, சாராய வாடை அடிப்பவர் எல்லாம் போதையில்தான் உளறுகிறார் என்று கொள்ள முடியாது. தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும், சர்க்கரை இறங்கினாலும் அதே உளறல், அதே தள்ளாட்டம்தான். “தெளிஞ்சதும் விசாரிச்சுக்கலாம்” என்று விட்டுவைத்த ஆள் காலையில் எழுந்திருக்காமல் போவது இப்படித்தான்.

சட்டம் என்ன கேட்கிறது?

1. கைது செய்தவுடன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். இப்போது இது, பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 53. என்ன பழக்கம், கடைசியாக எப்போது எடுத்தார் என்று டாக்டரிடம் சொல்வதுதான் இதில் உயிரைக் காக்கும் தகவல். குடும்பத்தார் வெட்கப்பட்டு மறைப்பது இந்த இடத்தில் ஆபத்து.

2. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் ‘மனநோய்’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் தெருவில் திரியும் ஒருவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது பிரிவு 100. அப்படி எடுத்தவரை எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

3. ஸ்டேஷன்களில் சிசிடிவி கட்டாயம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு அலுவலகங்களையும் அதில் சேர்த்துச் சொன்னது.

‘வலிப்பு’ என்ற சொல்லை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் சென்னையில் கஞ்சா வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட ஓர் இளைஞர் காவலில் இறந்தார். காலை உணவுக்குப் பின் வாந்தி, வலிப்பு என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட விளக்கம். பிரேதப் பரிசோதனையில் உடலில் காயங்கள் தெரிந்தன. வழக்கு கொலை வழக்காக மாற்றப்பட்டதை முதல்வரே சட்டப்பேரவையில் அறிவித்தார். போதைப் பழக்கம் உள்ளவர் காவலில் இறந்தால் “அவன் உடம்பு அப்படி” என்ற விளக்கம் தயாராக இருக்கும். அதனால்தான் கைதான உடனே எழுதும் மருத்துவக் குறிப்பு இரு தரப்புக்குமே முக்கியம். வலிப்பு உண்மை என்றால் அந்தக் குறிப்பே போலீசாரைக் காப்பாற்றும். காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம்.

“யார்கிட்ட வாங்கின?”

ஸ்டேஷனில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பழைய விதி. என்.டி.பி.எஸ். சட்டத்தின் பிரிவு 67இன் கீழ் பதிவாகும் வாக்குமூலத்துக்கு மட்டும் வெகுகாலம் தப்பிக்கும் வழி இருந்தது: வாங்கியவர் ‘போலீஸ்’ இல்லை, வேறு துறை அதிகாரி என்பார்கள். அந்த வழியை அடைத்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம், அந்த அதிகாரிகளும் போலீசுக்குச் சமம்தான், அவர்களிடம் கொடுத்த ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்றது.

ஒரு பொட்டலத்துக்காக உடம்பு துடித்துக்கொண்டிருப்பவர் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் தீர்ப்பின் எடை புரியும்.

சிகிச்சைக்கான வழி: 64ஏயும் 39ம்

சட்டத்துக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் சிகிச்சையின் பக்கம் நிற்கின்றன.

பிரிவு 64ஏ. பிரிவு 27 வழக்கு, அல்லது சிறு அளவு வழக்கு உள்ள ஓர் அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையிலோ மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அவர் மீது அந்த வழக்கை நடத்தக் கூடாது. பாதியில் விட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

பிரிவு 39. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனையை உடனே அறிவிக்காமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஓராண்டுக்குள் அறிக்கை வர வேண்டும். திருப்தியாக இருந்தால் எச்சரித்து, மூன்றாண்டு வரை உறுதிப் பத்திரம் வாங்கி விட்டுவிடலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மாட்டும் இடங்கள் இவை:

1. 64ஏ சிறு அளவுக்கு மட்டும். நண்பர்கள் நாலு பேருக்குமாகச் சேர்த்து வாங்கி, எடை கோட்டைத் தாண்டியவருக்கு இது இல்லை.

2. ‘அடிமை’ என்று நிரூபிக்க வேண்டும். எப்போதாவது எடுப்பவருக்குப் பொருந்தாது. முரண்பாடு என்னவென்றால், பழக்கம் முற்றியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தொடக்கத்தில் பிடிபட்ட கல்லூரி மாணவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

3. மையம் அரசு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் பத்துப் பேரைப் பூட்டி வைக்கும் ‘மறுவாழ்வு இல்லங்கள்’ கொடுக்கும் சான்றிதழ் இதற்கு உதவாது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, தமிழ்நாடு அரசு 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் தொடங்கிய 25 மையங்கள் ஆகியவை சரியான இடங்கள். 14446 என்ற தேசிய இலவச எண்ணிலும் கேட்டுக்கொள்ளலாம்.

4. யாராவது இதைக் கேட்க வேண்டும். 64ஏ தானாக நடக்காது. மனுப் போட வேண்டும்.

மும்பையில் ஓர் இந்தி நடிகர் 2001இல் கொக்கெயின் வழக்கில் கைதானார். சிகிச்சை முடித்து 64ஏயின் கீழ் அவருக்கு விலக்கு கிடைத்தது 2012இல். பேரும் பணமும் வக்கீலும் உள்ளவருக்கே 11 ஆண்டு.

இடம் போதுமா என்பது அடுத்த கேள்வி. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்து 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளைச் சார்ந்து வாழ்பவர்களில் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர்கள் 20 பேரில் ஒருவர். மதுவில் 38 பேரில் ஒருவர்.

பழைய கணக்கு

நாம் சர்வசாதாரணமாகத் திட்டும் ‘கேடி’ என்ற சொல், ஆங்கிலேயர் காலப் போலீஸ் பதிவேட்டின் சுருக்கெழுத்து: ‘நோன் டிப்ரடேட்டர்’, அதாவது தெரிந்த திருடன். பதிவேட்டில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. பழக்கத்தை விட்டு ஐந்தாண்டு ஆனவரும் திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்றால் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுவது இதனால்தான்.

இந்தப் பதிவின் மேல் இரண்டு கருவிகள் நிற்கின்றன. ஒன்று, ‘110 கேஸ்’ என்று இன்னும் சொல்லப்படும் நன்னடத்தைப் பிணை, அதாவது இனி ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்குவது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 110ஆக இருந்தது இப்போது புதிய சட்டத்தில் 129. தமிழ்நாட்டில் 2013, 2014 அரசாணைகள் இந்த அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களிடமே கொடுத்திருந்தன. பிடிப்பவரே நீதிபதியாகவும் உட்கார முடியாது என்ற அடிப்படையில் 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. இன்னொன்று குண்டாஸ். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீண்ட பெயரிலேயே ‘போதைப்பொருள் குற்றவாளிகள்’ உண்டு. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். விற்பவர்களைக் குறிவைத்த சட்டம்தான். ஆனால் தன் பழக்கத்துக்குக் காசு தேற்றவே நாலு பொட்டலம் விற்கும் ஆள், விற்பவரா அடிமையா என்று கேட்டால் இரண்டும்தான்.

பழக்கத்தை விட்டவர்களிடம் சிறுநீர்ப் பரிசோதனையும் விபரீதமாகும். தினமும் கஞ்சா புகைத்தவர் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரைகூடத் தடயம் தெரியலாம். கோடீன் கலந்த இருமல் மருந்தோ, ஏன், கசகசாவோ அதிகம் உள்ளே போயிருந்தால் அபின் வகைப் பரிசோதனையில் சில நேரம் ‘பாசிட்டிவ்’ காட்டும். முதல்கட்டப் பட்டைப் பரிசோதனை சந்தேகம் மட்டுமே. ஆய்வகத்தில் உறுதி செய்தால்தான் அது சான்று.

ஊசி வைத்திருப்பதும் இப்படித்தான். சிரிஞ்சு வைத்திருப்பதை என்.டி.பி.எஸ். சட்டம் குற்றமாக்கவில்லை. எச்.ஐ.வி. பரவாமல் இருக்கத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டங்களே புதிய ஊசிகளைக் கொடுக்கின்றன. ஹெராயினுக்குப் பதிலாகப் புப்ரினார்பின் மாத்திரை கொடுக்கும் மாற்றுச் சிகிச்சை மையங்களும் அதே அமைப்பின் ஏற்பாடு. மையத்தின் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பது அந்த நோயாளிக்குப் பெரிய பாதுகாப்பு.

ஜாமீனில் வந்த பிறகு

சிறு அளவு வழக்குகள் ஜாமீனில் விடத்தக்கவைதானா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒருமாதிரி சொல்லவில்லை. ஆனால் ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது தேவையில்லை, நோட்டீஸ் கொடுத்து அழைத்தாலே போதும் என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

சிறையில் சில வாரம் இருந்து வருபவரின் உடம்பு, பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மனசு பழைய அளவையே கேட்கும். வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் அளவு மீறி இறக்கும் ஆபத்து மிக அதிகம். மூச்சு அடங்கும்போது காப்பாற்ற நலாக்சோன் என்ற ஊசி மருந்து உண்டு, அது ஹெராயின் வகைகளுக்கு வேலை செய்யும். நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தால்தான்.

அந்த இரண்டு வாரத்தில்தான் ஜாமீன் நிபந்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்: “தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்திட வேண்டும்.” மாற்று மருந்து மையத்தில் தினசரி மாத்திரையை ஊழியர் கண்ணெதிரே வாங்கிச் சாப்பிட வேண்டிய நேரமும் பெரும்பாலும் காலைதான். ஸ்டேஷன் ஒரு மூலையிலும் மையம் ஒரு மூலையிலும் இருந்தால் இரண்டில் ஒன்று தவறும். கையெழுத்து தவறினால் ஜாமீன் ரத்தாகலாம் என்பதால், தவறுவது மாத்திரையாகத்தான் இருக்கும். கையெழுத்து நேரத்தை மாற்றக் கேட்டு, மையத்தின் அட்டை நகலை இணைத்து, அதே நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டால் போதும்.